வீட்டுக்காரரின் அப்பா எங்கே படுப்பார்?

திருநகர், மதுரை
4 பிப்ரவரி 2024

அன்பு மகள் ஷெரினுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா? அந்த ஊர்க் குளிரில் நெஞ்சுச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

இது யார் கையெழுத்து என்று பார்க்கிறாயா? என்னுடையதுதான். உன் அப்பா லாசர் எழுதுகிறேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. உன் அம்மா இருந்தவரை அவள்தான் எழுதுவாள், அவள்தான் வாசிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவேன். அவள் போன பிறகு கொஞ்ச காலம் சும்மா இருந்தேன். பிறகு மாதா கோவிலில் நடக்கும் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். ஸ்ரீலட்சுமி டீச்சர் சொல்லித் தருகிறார். போன பரீட்சையில் எனக்கு இருபதுக்குப் பதினான்கு. எழுபத்து மூன்று வயதில் இது போதாதா?

பள்ளி விடுதிச் சமையலறையில் இருந்த காலமெல்லாம் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று மோந்து பார்த்துத்தான் எடுத்தேன். இப்போது வழியில் இருக்கும் பலகையை எல்லாம் வாசிக்கிறேன். போன வாரம் பஸ்ஸில் வாசித்துக்கொண்டே வந்து, திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் இறங்க வேண்டியவன் திருமங்கலத்தில் போய் இறங்கினேன்.

இனிமேல் எனக்குப் போன் வேண்டாம், ஷெரின். என் காது போய்விட்டது. நீ பேசுவது ஈ பறப்பது போல் இருக்கிறது. ஆலன் என் பக்கத்தில் நின்று கத்தினால்தான் விளங்குகிறது. அவன் கத்தினால் எதிர்வீட்டு மலையாண்டி காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டி, "என்னப்பா, அப்பனுக்கும் மகனுக்கும் சண்டையா?" என்கிறார். அதனால் அவனும் பேச்சைக் குறைத்துவிட்டான். கடிதம்தான் நல்லது. எழுத்து கத்துவதில்லை.

ஜூன் மாதம் என்னை அங்கே வரச் சொன்னாயாம். ஆலனுக்கு என்னைவிட அவசரம். பாஸ்போர்ட் வேலையை ஓடி ஓடி முடித்துவிட்டான். நீ இருப்பது நர்சுகள் விடுதி என்றாயே, நான் எங்கே தங்குவேன்?

இந்த ஒரு கடிதத்துக்கு நான்கு நாள் ஆயிற்று. விரல் வலித்தாலும் மனம் நிறைந்த,
உன் அப்பா லாசர்.


மால்டா
26 பிப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் காலில் வீக்கம் குறைந்ததா? மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

உங்கள் கடிதத்தை வார்டில் நின்றபடியே பிரித்தேன். நீங்கள் எழுதியதா என்று நம்பாமல் கையெழுத்தை மறுபடி மறுபடி பார்த்தேன். கூட வேலை செய்யும் மால்டாக்காரப் பெண்ணிடம் காட்டினேன். அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது, ஆனாலும் அழகாக இருக்கிறது என்றாள்.

தங்குவதற்கு ஏற்பாடு செய்துவிட்டேன். நீங்கள் நினைத்தது போல விடுதியில் ஆண்களை விடமாட்டார்கள். ஓட்டல் வேண்டாம். இங்கே மக்கள் தங்கள் வீட்டையே விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நாள் கணக்கில் விடுகிறார்கள். கட்டில், அடுப்பு, பாத்திரம், துண்டு எல்லாம் இருக்கும். போனிலேயே படம் பார்த்துப் பேசி முடித்துவிடலாம். வீட்டுக்காரர் நேரில் வரவே மாட்டார். வாசலில் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அவர் சொல்லும் நம்பரைத் திருப்பினால் அதற்குள் சாவி. கோசோ என்ற பக்கத்துத் தீவில் நமக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறேன். நான் லீவு போட்டு உங்களோடு இருப்பேன். ஜன்னலைத் திறந்தால் கோவில் தெரியும்.

இன்னொன்று, திரும்பி வரும்போது அந்த வீட்டுக்கு நாம் மார்க் போட வேண்டும். அவர்களும் நமக்குப் போடுவார்கள். அதனால் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும், சரியா?

உங்கள் பதினான்கு மார்க்கை எல்லோரிடமும் சொல்லிவிட்ட,
ஷெரின்.


திருநகர்
17 மார்ச் 2024

அன்பு மகள் ஷெரினுக்கு,

நான் சுகம். வீக்கம் வடிந்துவிட்டது. உன் கடிதம் வாசித்தபோதுதான் மயக்கம் வந்தது.

வீட்டுக்காரர் இல்லாத வீட்டுக்குள் நாம் போவதா? வாங்க என்று சொல்ல ஆள் இல்லாத வீட்டில் எப்படிக் காலை வைப்பது? அடுப்பும் பாத்திரமும் அவர்களுடையது. அதில் அவர்கள் வீட்டு அம்மா சமைத்திருப்பாள். அவள் எங்கே போவாள்? கட்டில் இருக்கும் என்கிறாய். அது யாருடைய கட்டில்? வீட்டுக்காரருக்கு ஒரு அப்பா இருந்தால் அவர் எங்கே படுப்பார்? இதை விசாரித்து எழுது. ஒரு கிழவனை எழுப்பிவிட்டு அவன் இடத்தில் நான் படுக்க மாட்டேன்.

அப்புறம் அந்த மார்க். மறுபடி பரீட்சையா! வகுப்பில் சொன்னேன். ஸ்ரீலட்சுமி டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "லாசரண்ணே, எனக்குத் தெரியாம உங்களுக்கு எவரு மார்க் போடுறது?" என்று கேட்டார். அவர் எனக்காக மட்டும் கத்திப் பேசுவார்.

இங்கே ஒரு நல்ல செய்தி. ஆலன் என் முன்னறைக்கு வெள்ளையடித்துவிட்டான். குளிர்ச் சாதனமும் மாட்டிவிட்டான். புது மெத்தை, வெள்ளை விரிப்பு. கல்யாண மாப்பிள்ளை அறை மாதிரி இருக்கிறது. வாய் திறந்து பேசாவிட்டாலும் பிள்ளைக்குப் பாசம் உள்ளே இருக்கிறது, பார். உன் அம்மாவின் தையல் மிஷினை மட்டும் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்துவிட்டான். சுண்ணாம்பு நன்றாகக் காய்ந்ததும் இறக்கிவிடுவான்.

விசாவுக்குப் படம் எடுக்க ஒரு பையன் பெரிய கேமராவோடு வந்தான். வெளிநாட்டுக்காரர்கள் எவ்வளவு கறாரானவர்கள்! நாம் எங்கே குடியிருக்கிறோம் என்றுகூடப் பார்ப்பார்கள் போல. நான் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவன் கையை ஆட்டி, "தாத்தா, கொஞ்சம் வெளிய நில்லுங்க, ரூம் மட்டும் எடுத்துக்கிறேன்" என்றான். வாயசைவில் புரிந்தது. நான் இல்லாமலே அறையை ஏழெட்டுப் படம் எடுத்தான். என்னை அப்புறம் ஸ்டூடியோவில் எடுத்தார்கள்.

நேற்று மத்தியானம் பஸ்ஸில் போனபோது திருப்பரங்குன்றம் தெப்பக்குளத்துப் படியில் ஆலன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஆபீஸ் பை மடியில் இருந்தது. வேலை விஷயமாக யாரையோ பார்க்க வந்திருப்பான். வெயிலில் அலைகிறான், பாவம்.

வீட்டுக்காரரின் அப்பாவைப் பற்றி மறக்காமல் எழுது.
பரீட்சைக்குப் பயந்த,
உன் அப்பா.


மால்டா
11 ஏப்ரல் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? வெயில் நேரத்தில் வெளியே போகாதீர்கள்.

பதில் தாமதமாகிவிட்டது. இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நான் முன்பு சொன்ன மால்டாக்காரப் பெண்ணுக்கு மதுரையைப் பார்க்க ஆசை. போன வாரம் அவளும் நானும் மதுரையில் தங்க வீடு தேடிப் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். திருநகரில்கூட ஒரு அறை வந்தது. வெள்ளை மெத்தை. ஜன்னல் கம்பியில் இரும்பு மீன். மதுரையில் எத்தனையோ வீட்டு ஜன்னலில் மீன் இருக்கும், இல்லையா?

உங்கள் அறையில் தையல் மிஷினைத் திரும்ப வைத்துவிட்டார்களா? ஆலன் ஏதாவது சொன்னானா?

நீங்கள் இங்கே எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், அப்பா. விசா மூன்று மாதம்தான் தருவார்கள். அதற்குப் பிறகும் நான் ஏதாவது வழி பார்ப்பேன். வரும்போது அம்மாவின் படத்தையும் எடுத்து வந்துவிடுங்கள். ஜெபமாலை, கம்பளி, உங்களுக்கு வேண்டியது எல்லாவற்றையும்.

வீட்டுக்காரரின் அப்பா எங்கே படுப்பார் என்று கேட்டீர்கள். நான் இன்னும் விசாரிக்கவில்லை.

அன்புடன்,
ஷெரின்.


திருநகர்
5 மே 2024

அன்பு மகள் ஷெரினுக்கு,

நான் சுகமோ சுகம். விசா வந்துவிட்டது! அந்தத் தாளில் என் பெயர் இங்கிலீஷில் இருக்கிறது. எந்த எழுத்து லா, எந்த எழுத்து ச என்று ஆஷ்லினைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆஷ்லின் நல்ல மருமகள்தான். ஆனால் இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் பேப்பர் திருத்தும் வேலை அதிகம் போல.

நீ ஏன் இரண்டு தடவை கிழித்தாய்? தாளை வீணாக்காதே. தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே எழுதலாம். டீச்சர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

மீன் வைத்த ஜன்னல் நிறைய இருக்கும்தான். ஆனால் நம் ஜன்னல் மீன் மாதிரி இருக்காது. அதை உன் அம்மா துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினாள். பட்டறைக்காரர் வாலைக் கோணலாக வளைத்துவிட்டார். "கோணலா இருந்தா என்ன, நீந்துதுல்ல" என்று சொல்லி அவள் அப்படியே பொருத்தச் சொன்னாள். கோண வால் மீன் உலகத்திலேயே ஒன்றுதான்.

செப்டம்பர் பத்தாம் தேதி திரும்பும் டிக்கெட் போட்டிருக்கிறது. அது விசாவுக்காகப் போட்டதுதான், வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆலன் சொல்கிறான். எதற்கு மாற்ற வேண்டும்? அக்டோபரில் எங்கள் வகுப்புக்குப் பெரிய பரீட்சை இருக்கிறது.

மிஷின் இன்னும் மாடியில்தான் இருக்கிறது. அறையில் பெயிண்ட் வாடை என் மூச்சுக்கு ஆகாது என்று ஆலன் என்னை ஒரு வாரம் உசிலம்பட்டிக்குப் போய்வரச் சொல்கிறான். எனக்கு வாடை ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் பிள்ளை அக்கறையாகச் சொல்கிறான். விருமாண்டியைப் பார்த்தும் நாளாயிற்று. என்னோடு விடுதியில் அரிசி களைந்தவன். அவன் பேசினால் மட்டும் எனக்கு அப்படியே கேட்கும். மாட்டுச் சந்தையில் பழகிய குரல்.

பெட்டியில் உன் அம்மா படத்தை வைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு அது எதற்கு? அது அறையிலேயே இருக்கட்டும், காவலுக்கு.

ஆனந்தத்தில் எழுத்து கோணிப்போன,
உன் அப்பா லாசர்.


திருநகர்
22 மே 2024

ஷெரினுக்கு,

சுகம்.

விருமாண்டி வீட்டில் நன்றாகத்தான் கவனித்தார்கள். "லாசரண்ணே, ஏரோப்ளேன்ல காத்து வரலைன்னு ஜன்னலத் தொறக்கச் சொல்லிச் சண்டை போட்றாதீங்க" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேலி செய்தான். ஐந்து நாள் கழித்து அவன் மகளுக்குப் பிரசவ வலி என்று எல்லோரும் தேனிக்குக் கிளம்பிவிட்டார்கள். நானும் பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, மாறி வீட்டுக்கு வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஆலனும் ஆஷ்லினும் வீட்டில் இல்லை.

என் அறைக்கு வெளியிலிருந்து ஒரு கதவு இருக்கிறதே, அதன் பக்கத்தில் சுவரில் சின்னப் பெட்டி ஒன்று திருகியிருந்தது. நம்பர் போட்ட பெட்டி. நீ எழுதியதைப் போலவே இருந்தது. எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. நான் அங்கே போய்த் தடுமாறக் கூடாது என்று பிள்ளை இங்கேயே ஒன்று மாட்டிப் பழக்கிவிடப் போகிறான் என்று நினைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. தட்டினேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் திறந்தாள். உன் வயது இருக்கும். தலையில் துண்டு சுற்றியிருந்தாள். கும்பிட்டு, "வணக்கம்" என்றாள். நானும் கும்பிட்டேன். அவள் முதுகுக்குப் பின்னால் என் கட்டில். அதில் அவள் துணிகள். உன் அம்மா படம் இருந்த ஆணியில் யானைப் படம்.

அவள் என் கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். குழாய் ஒழுகுவதைக் காட்டினாள். குழாய் சரிசெய்ய வந்த ஆள் என்று என்னை நினைத்திருக்கிறாள். அந்தக் குழாய் எனக்குப் பழக்கம்தானே. கைப்பிடியை அடிப்பக்கம் ஒரு தட்டுத் தட்டி, பின்பு இறுக்கினால் நின்றுவிடும். நிறுத்தினேன். அவள் சிரித்து என் உள்ளங்கையில் ஒரு நோட்டை வைத்து விரல்களை மூடினாள். இது என் அறை அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். இங்கிலீஷ் இல்லாததால் வாய் திறந்தபடியே நின்றது.

கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். எழுத்தைப் பார்த்தால் எனக்குத் தாங்காது, உனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் வாசித்துக் காட்டுவோம் என்று சத்தமாக எழுத்துக் கூட்டினேன். செருப்பை வெளியே விடவும். புகை பிடிக்கக் கூடாது. அவளும் கைதட்டினாள். கடைசி வரி: இந்த அறை ஜூன் இருபத்து ஐந்து முதல் ஆண்டு முழுவதும் கிடைக்கும்.

என் விமானம் இருபத்து நான்கு.

நான் மறுபடி வாசித்தேன். தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று விரல் வைத்து வாசித்தேன். ஆண்டு முழுவதும். தப்பு இல்லை. டீச்சர் நன்றாகத்தான் சொல்லித் தந்திருக்கிறார்.

ஆஷ்லின் பள்ளிக் கோடை வகுப்பு முடிந்து வந்தாள். கையிலிருந்த நோட்டுப் புத்தகக் கட்டு கீழே விழுந்தது. "மாமா! வியாழக்கெழமதான வருவீங்கன்னு சொன்னாரு?" என்றாள். பிறகு ஆலன் வந்தான். "ஏம்ப்பா வெயில்ல சொல்லாமக் கொள்ளாம வந்தீங்க?" என்று கத்தினான். எதிர்வீட்டில் மலையாண்டி தலையை நீட்டினார். ஆலன் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அவ்வளவுதான். இப்போது கூடத்தில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் படுக்கிறேன்.

அந்தத் திருநகர் அறையின் ஜன்னலில் மீன் என்று எழுதினாயே. வால் எப்படி இருந்தது, ஷெரின்?

லாசர்.


மால்டா
8 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமா என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

வால் கோணலாக இருந்தது.

ஏப்ரலிலேயே தெரியும். படத்தில் இருந்தது நம் ஜன்னல்தான். ஆலனைக் கூப்பிட்டேன். "நீ கூப்பிட்டிருக்க, அவரு அங்க வந்து இருக்கப்போறாரு, இங்க காலி ரூம்தானக்கா" என்றான். இதை உங்களிடம் நான் சொன்னால் உங்களுக்கு இங்கே வரும் சந்தோஷம் போய்விடும் என்று பயந்தேன். நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக எழுதிக்கொண்டிருந்தீர்கள். என்னோடு வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

தபாலை நம்பாமல், லீவில் ஊருக்கு வரும் ஒரு நர்சிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவள் பதினேழாம் தேதி திரும்புகிறாள். ஒரு வரியாவது எழுதிக் கொடுங்கள். வருவீர்கள்தானே?

ஷெரின்.


திருநகர்
15 ஜூன் 2024

அன்பு மகள் ஷெரினுக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

வருகிறேன். ஆனால் செப்டம்பர் பத்தாம் தேதி டிக்கெட்டை யாரும் தொடக் கூடாது.

அந்த வெள்ளைக்காரப் பெண் கொடுத்த பணத்தை அவளிடம் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. மறுநாள் காலையிலேயே போய்விட்டாள். கோவில் உண்டியலில் போட்டுவிட்டேன்.

அப்பா.


கோசோ, மால்டா
9 ஜூலை 2024

அன்பு மகன் ஆலனுக்கு,

நானும் ஷெரினும் சுகம். நீ, ஆஷ்லின், இருவரும் சுகமா? முன்னறையில் வந்து தங்குகிறவர்கள் சுகமா?

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒரே வீட்டில் இருந்ததால் எழுதத் தோன்றவில்லை.

இந்த ஊர்க் கோவிலில் இரண்டு கடிகாரம். ஒன்று சரியான நேரம் காட்டும். மற்றது பிசாசை ஏமாற்றத் தப்பாகக் காட்டுமாம். படகுகளுக்கு முன்பக்கம் கண் வரைந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, உன் அம்மா இருந்தால் சிரிப்பாளே என்று நினைத்தேன்.

வாடகை வீட்டுக்குப் போன அன்று நடந்ததைச் சொல்கிறேன். புது வீடு என்பதால் நம் வழக்கப்படி பால் காய்ச்சினேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்து புகை வந்தது. நல்ல சகுனம் என்று கும்பிட்டுக்கொண்டு நின்றேன். கூரையில் ஒரு மணி அலறியிருக்கிறது. எனக்குத்தான் கேட்காதே. ஷெரின் கடைக்குப் போயிருந்தாள். கீழேயிருந்து ஒரு கிழவர் ஈரச் சாக்கோடு ஓடிவந்து அடுப்பின் மேல் போட்டார். பாலும் போயிற்று, சகுனமும் போயிற்று. அவருக்கும் காது கேட்காதாம். மணி அடித்தால் அவர் அறையில் ஒரு விளக்கு எரியுமாம்.

அவர்தான் வீட்டுக்காரரின் அப்பா. பெயர் ஜூசெப்பே. கீழே தோட்டத்துப் பக்கம் உள்ள அறையில் படுக்கிறார். ஷெரினை எழுதிக் கேட்கச் சொன்னேன்: உங்கள் மேல்வீட்டை மகன் வாடகைக்கு விட்டது உங்களுக்கு வருத்தம் இல்லையா? அவர் பென்சிலை வாங்கிப் பதில் எழுதினார். ஷெரின் வாசித்துச் சொன்னாள்: "மகன் என்னைக் கேட்டான். முதலில் மாட்டேன் என்றேன். மறுபடி கேட்டான்."

ஆலன், நான் வாசிப்பேன் என்று உனக்குத் தெரியாதா? மேசையில் உட்கார்ந்து நான் எழுதுவதைத் தினமும் பார்த்தாயே. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் தட்டுப் பக்கத்தில் வைத்திருக்கலாம். கதவுக்குப் பின்னால் ஊர்பேர் தெரியாதவர்களுக்கு எழுதி ஒட்டினாய். எனக்கு ஒரு வரி எழுதவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஷெரினின் போனில் நம் வீட்டைத் திறந்தோம். செப்டம்பர் பத்து முதல் அந்த அறை எனக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பெயரை நானே தட்டினேன். எத்தனை பேர் என்று கேட்டது. ஒருவர். எந்த நாள்வரை என்று கேட்டது. அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. போன் அனுமதித்த கடைசி நாளைப் போட்டோம். வீட்டுக்காரருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றும் கேட்டது. எழுதினேன்: புகை பிடிப்பதில்லை, அதிகாலையில் எழுந்து ஜெபம் சொல்வேன், குழாயை நானே பார்த்துக்கொள்வேன்.

ஏற்பதா, மறுப்பதா என்று உனக்கு இரண்டு பொத்தான் வருமாம். ஒரு நாள் அவகாசம். யோசித்து அமுக்கு.

உன் அப்பா லாசர்.

தபாலில் போடுவதற்குள் உன் பதில் வந்துவிட்டது. ஷெரின் போனைக் காட்ட மாட்டேன் என்றாள். வாங்கி நானே வாசித்தேன். உங்கள் கோரிக்கை மறுக்கப்பட்டது. இதில் ஒரு எழுத்துகூடக் கடினமாக இல்லை. ஆனாலும் எழுதியதை அனுப்புகிறேன், கிழிக்க மனம் வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.


திருநகர், மதுரை
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் ஆஷ்லினும் சுகம். உங்களுக்கு வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று பெரிய எழுத்தாக எழுதுகிறேன்.

மறுப்பு என்ற பொத்தானை நான்தான் அமுக்கினேன். உங்கள் பெயரை என் போனில் பார்த்தபோது நான் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். லாசர், ஒருவர், குழாயை நானே பார்த்துக்கொள்வேன். ஏற்பு என்று எப்படி அமுக்குவேன்? அமுக்கினால் நீங்கள் என் வீட்டுக்கு வாடகைக்கு வந்த ஆளாகிவிடுவீர்கள். அதற்கு என் விரல் போகவில்லை. மறுப்பை அமுக்கிய பிறகுதான் அங்கே நீங்கள் இதை எப்படி வாசிப்பீர்கள் என்று உறைத்தது. அக்கா அத்தனை தடவை கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. போனில் சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை.

எனக்கு ஜனவரியில் வேலை போய்விட்டது, அப்பா. ஆஷ்லினுக்கு மட்டும் தெரியும். தினமும் சட்டை போட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாள் உங்கள் பக்கத்தில் வந்து நின்றேன். சொல்வதென்றால் கத்த வேண்டும். வேலை போயிடுச்சுப்பா என்று எப்படிக் கத்துவது? மலையாண்டிக்குக் கேட்கும். தெருவுக்கே கேட்கும். வேலையைப் பற்றிச் சொல்லாமல் அறையை மட்டும் எப்படிக் கேட்பது? அதனால் எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் செய்துவிட்டேன். எழுதிக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் மேசையில் எழுதுவதைப் பார்த்தேன்தான். ஆனாலும் என் மனதில் நீங்கள் இன்னும் அம்மா வாசிக்கக் கேட்டுத் தலையாட்டுகிறவராகவே இருந்தீர்கள்.

நீங்கள் அக்காவுக்குப் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். எனக்கு அதில் பொறாமையும் இருந்தது.

ஆகஸ்டுக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் வந்து போவார்கள். செப்டம்பர் முதல் முன்னறையை அந்த வாடகைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். சுவரில் இருந்த பெட்டியைக் கழற்றிவிட்டேன். நான்கு ஓட்டை விழுந்துவிட்டது. மிஷினை நானும் விருமாண்டி மாமாவும் இறக்கினோம். அவர் வழியெல்லாம் என்னைத் திட்டினார். எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது. அம்மா படத்தை அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

இப்போது ஒன்று கேட்க வேண்டும். முன்பே கேட்டிருக்க வேண்டியது. மாடியில் தகரக் கொட்டகையை எடுத்துவிட்டு ஒரு அறை கட்டி, அதை வருகிறவர்களுக்கு விடலாம் என்று நினைக்கிறேன். வேறு வேலை கிடைக்கும்வரை எனக்கு வேறு வழி தெரியவில்லை. வீடு உங்களுடையது. நீங்கள் மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் மறுபடி கேட்பேன்.

உங்களுக்குச் சம்மதமா, அப்பா? இதைக் கத்திக் கேட்கவில்லை. எழுதிக் கேட்கிறேன்.

உங்கள் மகன்
ஆலன்.